குட் திருவிழாவுக்குக் கேமராவோடு போகலாமா?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் மணிப்பூர் தோழி, நவம்பர் 1 அன்று நடக்கும் 'சவாங் குட்' அறுவடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வரச் சொல்கிறாள். குகி இனத்தவள், சுராசந்த்பூர் பக்கம். அவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆடிப் படமெடுக்க ஆசை. அரிசிக் கள் கொடுத்தால் குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: உங்களை அவள் எப்போது கூப்பிட்டாள்? 2023 மே மாதத்துக்கு முன்பு என்றால், இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். அந்த மாதம் வெடித்த மெய்தெய்–குகி மோதலில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 60,000 பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இழவு விழுந்த ஊரில் ஆட்டபாட்டம் எவ்வளவு இருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். "இந்த வருஷம் எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?" என்று கேளுங்கள், "டான்ஸ் இருக்குமா?" என்று கேட்காதீர்கள்.

வழியும் அவள் சொல்வதுதான். மணிப்பூருக்குள் நுழைய 2020 முதல் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். விமான நிலையம் மெய்தெய் மக்கள் பெரும்பான்மையாக வாழும் இம்பால் பள்ளத்தாக்கில் இருக்கிறது; மோதலுக்குப் பிறகு குகி மக்கள் பலர் அந்தப் பக்கமே போகாமல், மிசோரத்தின் ஐஸால் போய் விமானம் ஏறுகிறார்கள். அந்த வழி என்றால் மிசோரத்துக்கும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

'சவாங்' என்றால் இலையுதிர்காலம், 'குட்' என்றால் திருவிழா. மலைச்சரிவில் காட்டைத் திருத்தி விதைத்த நெல் வீடு வந்து சேர்ந்த சந்தோஷம் அது. இன்று குகி மக்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். விழாவில் ஜெபம் நடக்கும்போது எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள், கேமராவைக் கீழே இறக்கிவிட்டு. கள்ளைப் பற்றிக் கவலையே வேண்டாம். குடியைச் சபைகள் கண்டிக்கின்றன. பழங்குடி விழா என்றாலே மொந்தை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இலையில் பன்றிக்கறியோ மாட்டுக்கறியோ வரலாம். சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே தோழியிடம் சொல்லிவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்து முகம் சுளிக்காதீர்கள்.

இனப்பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'குகி' என்பது வெளியார் வைத்த பெயர். தாடோ, பைத்தே, ஹ்மார், வைபேய், ஸோ என்று அவரவர்க்குச் சொந்தப் பெயர் உண்டு. சிலர் 'குகி-ஸோ' என்பார்கள். தாடோக்களிலேயே சிலர் தங்களைக் குகி என்று சொல்லாதே என்பார்கள். அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்களோ அதையே நீங்களும் சொல்லுங்கள். அந்தச் சர்ச்சைக்கு நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சால்வை? யாராவது போர்த்திவிட்டால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கி நீங்களாகப் போட்டுக்கொண்டு மேடையேறாதீர்கள். எந்த நெசவு யாருக்கு, எப்போது என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஆடக் கூப்பிட்டால் ஆடுங்கள்.

கிராமத்துக்குப் போனால் முதலில் 'ஹாவ்சா'வைப் பாருங்கள். பரம்பரையாக வரும் ஊர்த்தலைவர் அவர். "சிபாய்" (நம்ம 'வணக்கம்' மாதிரி) என்று சொல்லிக் கைகொடுத்தால் போதும். ஆட்டத்தைப் படமெடுக்க அவரிடமே அனுமதி கேட்டுவிடலாம். நிவாரண முகாம்களிலும், இறந்தவர்களின் படங்கள் வைத்திருக்கும் நினைவிடத்திலும் கேமரா பையிலேயே இருக்கட்டும். "சண்டையில் உங்கள் வீட்டில் யாராவது...?" என்று நீங்களாக வாயெடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கைவீசிக்கொண்டு போகாமல் நம்ம ஊர் மைசூர்பா இரண்டு பெட்டி எடுத்துப் போங்கள்.