வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தேவனோடு நெருங்கி இருப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அன்றாட வாழ்க்கையில் ஆண்டவரோடு ஒட்டி நடப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்து வந்து வேதத்தைத் திறந்தாலே தூக்கம் வந்துவிடுகிறது. எங்கள் சபையிலோ அதிகாலை நான்கு மணிக்கு ஜெபிக்காதவர்கள் விசுவாசிகளே இல்லை என்பது போலப் பேசுகிறார்கள்.

முதலில் தூங்கும்மா. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன, சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பப் படுத்துக்கொண்டான், தூதன் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தத்தை அவன் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தது உண்மை (மாற்கு 1:35). ஆனால் அதை எல்லாருக்கும் ஒரு சட்டமாக அவர் எங்கேயும் போடவில்லை. உன் தலை தெளிவாக இருக்கும் நேரம் எது, மதியம் தூங்கி எழுந்து சமையலில் இறங்குவதற்கு முன்னாலா? சரி, அதுதான் உன் அதிகாலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. வார்டில் ட்ரிப் மாற்றப் போகும்போது அந்த நோயாளியின் பெயரை ஆண்டவரிடம் மனதுக்குள் ஒரு தடவை சொல்லு, அதுவும் ஜெபம்தான்.

கேள்வி: "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் எழுதுகிறார். வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது நடக்கிற காரியமா?

நடக்கும் தம்பி. நெகேமியாவைப் பாருங்கள். அவன் ஒரு யூதன், பெர்சிய ராஜாவுக்குப் பானம் கொடுக்கிற வேலை, முகம் வாடியிருப்பதை ராஜா கவனித்துவிட்டார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார், பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் அவன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான் என்று இருக்கிறது (நெகேமியா 2:4). மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தி அவனுக்கு வந்தது யூதக் காலண்டரில் கிஸ்லே மாதம், ராஜாவின் முன்னால் நின்றது நிசான் மாதம். கிட்டத்தட்ட நான்கு மாத இடைவெளி. செய்தி வந்தபோதே அழுது, உபவாசித்து, இரவும் பகலும் ஜெபித்தவன் அவன், அதனால்தான் அவசரத்தில் அந்த ஒற்றை வரி தானாக வந்தது. தனி ஜெபத்துக்கு நேரமே ஒதுக்காமல், நான் நாள் முழுவதும் ஆண்டவரோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றுவிடும். காலையில் பதினைந்து நிமிடமாவது கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். அப்புறம் கவுண்டரில் கோபமாக ஒருவர் வந்து நிற்கும்போது "ஆண்டவரே, பொறுமை தாரும்" என்பது போதும்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார், 1691இல் இறந்தவர். பல வருடங்கள் மடத்துச் சமையலறையில் வேலை, பிற்பாடு செருப்புத் தைக்கும் வேலை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவ சமுகத்தில் இருப்பதை அவர் பழக்கமாக்கிக்கொண்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடமும் அதற்குத் தோதான இடம்தான்.

கேள்வி: ஒரு நாள் ஜெபிக்காமல் கிளம்பினேன், அன்றைக்கே பைக்கில் விழுந்தேன். இது தண்டனையா?

இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9). நம் சபைகளில் இந்தப் பயத்தை ஊட்டி ஊட்டியே பிள்ளைகளை ஜெபிக்க வைக்கிறோம், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். பயத்தில் ஜெபிக்கிறவனுக்கு ஜெபம் ஒரு தாயத்து ஆகிவிடும், தகப்பனிடம் பேசுகிற பேச்சாக இருக்காது. காயம் ஆறட்டும், ஹெல்மெட் போடுங்கள், நாளைக்கு அவரைத் தேடி வந்து உட்காருங்கள்.

கேள்வி: ஜெபிக்கிறேன், வாசிக்கிறேன், ஆலயத்துக்கும் போகிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வறண்டு கிடக்கிறது.

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். 88ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரி வரும், இதில் வராது, இருளிலேயே முடியும். அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால் அப்படியும் அவரிடம் பேசலாம் என்றுதானே அர்த்தம்? அழகான வார்த்தைகளைத் தேடாமல், "உம்மை எனக்குத் தெரியவே இல்லை ஆண்டவரே" என்றே ஆரம்பியுங்கள். பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

கேட்டவர்களில் ஒருவர், சொத்துத் தகராறில் அண்ணனோடு வருடக்கணக்காகப் பேச்சு இல்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் வறட்சிக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:24). நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, வழக்கு அதன் வழியில் போகட்டும். அண்ணன் எப்படி இருக்கிறார், அண்ணிக்கு உடம்பு எப்படி என்று ஒரு போன் போடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு தடவை.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.

வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரம், ஒரு வருடத்தில் முடிக்க நாளைக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். முடியாவிட்டால் விடுங்கள். மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், அதில் ஆரம்பியுங்கள், நாளைக்கு ஒன்று, கூடவே ஒரு சங்கீதம்.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள்.

எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், பத்து வசனம், அப்புறம் சின்னவன் ஜெபிக்கட்டும். கணக்குப் பரீட்சைக்கும் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கும் அவன் ஜெபித்தால் திருத்தாதீர்கள், எல்லாரும் சத்தமாக ஆமென் சொல்லுங்கள்.