14 வாடகை வீடு, 2 கடை: கணக்கு வைக்க எந்த மென்பொருள் சரிப்படும்?

கேள்வி: அவிநாசி பக்கம் 14 லைன் வீடுகளும் 2 கடைகளும் வாடகைக்கு விட்டிருக்கிறோம். நோட்டில் எழுதி முடியவில்லை. மாதச் சந்தா கட்டி மென்பொருள் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

வசதிப் பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வரவு செலவில் சிக்கலான ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு போய், இலவசச் சோதனைக் காலத்திலேயே அதைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் தடுமாறுவது ஆள் காலி செய்யும் மாதத்தில்தான்.

உதாரணமாக, வாடகை 6,500, அட்வான்ஸ் 19,500. 30 நாள் மாதத்தில் 18ஆம் தேதியோடு காலி செய்கிறார். வாடகை 6,500 ÷ 30 × 18 = 3,900. அந்த வீட்டுக்கென்று தனியாக வைத்த மின்மீட்டர் (சப்-மீட்டர்) 1,482-லிருந்து 1,556, ஆக 74 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பேசியிருந்தால் 592. ஒப்பந்தப்படி வெள்ளையடிக்க 1,500. கழிவு மொத்தம் 5,992. திருப்பித் தர வேண்டியது 13,508. இந்தக் கணக்கு முழுவதும் ஒரே பக்கத்தில் வந்து, அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிந்தால் அந்த மென்பொருளை மேற்கொண்டு பார்க்கலாம். அட்வான்ஸை ‘வருமானம்’ என்று ஏற்றிக்கொள்ளும் மென்பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம். வருமானத்தில் கலந்தால் வருடக் கடைசியில் எந்தத் தொகையும் ஒத்துவராது.

அடுத்தது, பிரித்துக் கட்டும் வாடகை. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் வாங்குகிறவர்கள் 2,000, 2,000, 2,500 என்று மூன்று தவணையாகத் தருவார்கள். பாக்கியைத் தீபாவளி போனஸில் தீர்ப்பார்கள். ‘கட்டியாச்சு / கட்டவில்லை’ என்று டிக் மட்டும் போடும் செயலி இங்கே உதவாது. கட்ட வேண்டியது தனி வரியாகவும், வந்தது தனி வரியாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த மென்பொருள் என்றால் தாமதக் கட்டணம் தானாக ஏறும்படி வைத்திருக்கக்கூடும்; முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள்.

ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருந்தால் ஜிபேயில் பணம் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு பெயரில் வரும். பெயரை வைத்துப் பொருத்த முடியாது. வீட்டு எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வரவோடு சேர்த்துப் பதியுங்கள். அதற்கு இடமில்லாத மென்பொருளில் ‘நான் போட்டேனே’ என்கிற வாக்குவாதம் தீராது.

கரண்ட் பில்தான் இங்கே பெரிய சங்கடம். மின்வாரியம் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பல மென்பொருள்களுக்கு மாதக் கணக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு இருந்தால் பிரச்சினை இல்லை, அவரவர் கட்டிக்கொள்வார்கள். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் என்றால், முதல் 100 யூனிட் இலவசம் மொத்த இணைப்புக்கும் ஒருமுறைதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். அதனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிலையாக வைத்தால் ஒரு தடவை உங்களுக்கு நட்டம், அடுத்த தடவை குடியிருப்பவருக்கு நட்டம். பில் தொகையைச் சப்-மீட்டர் யூனிட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து அந்தத் தடவைக்கான விலையைப் போடுவதே நியாயம். மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் தனி சப்-மீட்டர் இல்லாவிட்டால் அந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழும். அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். விலையை ஒவ்வொரு தடவையும் மாற்ற மென்பொருள் விடுகிறதா என்று பாருங்கள். போக்கியத்துக்கு விட்ட வீடு இருந்தால் வாடகை 0 என்று போடவும் விட வேண்டும்.

கடைகளுக்கு வேறு கணக்கு. மாத வாடகை 50,000 தாண்டி, வாடகைதாரர் வரி பிடித்துக் கொடுத்தால், கைக்கு வந்ததை ‘வாடகை’ என்றும், பிடித்த வரியை ‘டிடிஎஸ்’ என்றும் தனித்தனி வரியில் எழுதுங்கள்; இரண்டும் சேர்ந்து முழு வாடகையாக வர வேண்டும். கைக்கு வந்ததை மட்டும் எழுதினால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தோடு பொருந்தாது. வருமான வரியில் வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரி கழியும். மீதியில் 30 சதவீதம் நிலைக்கழிவு. பழுதுபார்ப்புக்குத் தனிக்கழிவு இல்லை. ஆகவே செலவு வகைகள் நாற்பது இருந்து பயனில்லை; சொத்து வரிக்குத் தனி வகை இருந்தால் போதும்.

16 இடத்துக்குச் சந்தா தேவையில்லை, கூகுள் ஷீட்ஸே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. நான்கு தாள்: வீடுகள், குடியிருப்போர், பாக்கி (கட்ட வேண்டியது), வரவு (வந்தது). வீட்டு எண்ணை மட்டும் வைத்துக் கணக்கு எழுதாதீர்கள். ஆள் மாறியதும் பழைய பாக்கி புதியவர் பெயரில் ஏறிவிடும். 7ஆம் வீட்டில் மூன்றாவதாகக் குடிவந்தவருக்கு 07-03 என்று எண் கொடுங்கள். வரவுத் தாளில் தேதி, இந்த எண், வகை (வாடகை, கரண்ட், தண்ணீர், அட்வான்ஸ், டிடிஎஸ்), தொகை, யூபிஐ எண் ஆகியவை இருக்கட்டும். பாக்கித் தாளிலும் அதே வகைகள். இரண்டு தாளிலும் ஒவ்வொருவர் எண்ணுக்கும் உரிய தொகையை மட்டும் கூட்டும் ‘சம்இஃப்ஸ்’ (SUMIFS) சூத்திரம் போட்டு, அட்வான்ஸ் வகையைச் சேர்க்காமல், பாக்கியிலிருந்து வரவைக் கழித்தால் யார் எவ்வளவு நிலுவை என்று வந்துவிடும். 07-03 போன்ற எண் தேதியாக மாறிவிடும். கோப்பை எக்செல்லில் திறந்தால் 12 இலக்க எண்ணை அது சுருக்கிக் காட்டும். இரண்டு பத்தியையும் முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வீடுகள் முப்பதைத் தாண்டினாலோ, வசூலுக்கு வேறு ஆள் போட்டாலோ மென்பொருள் வாங்கலாம். அப்போது மூன்றைக் கேளுங்கள்: வசூலிப்பவர் எழுதலாம், அழிக்க முடியாது என்ற உரிமைப் பிரிவு உண்டா, யார் எப்போது திருத்தினார் என்று தெரியுமா, எல்லாத் தரவையும் எக்செல் கோப்பாக இறக்க முடியுமா. மூன்றாவது இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எந்த வழியானாலும் ஆதார் நகலை முழுதாக ஏற்றாதீர்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கிக்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவு செய்த ஒப்பந்தத்தின் எண்ணையும் முடிவுத் தேதியையும் குடியிருப்போர் தாளில் எழுதுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் அதே சட்டம்.

ஏப்ரல் 1 அன்று தொடங்குங்கள். வரி ஆண்டும் சொத்து வரியின் அரையாண்டும் அன்றே ஆரம்பிக்கின்றன. அன்றைய பாக்கி, அட்வான்ஸ், சப்-மீட்டர் எண் மூன்றையும் குடியிருப்பவர் முன்னிலையில் சரிபார்த்துத் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். பழைய நோட்டை இரண்டு கரண்ட் பில் வரும்வரை, அதாவது நாலு மாதம், கூடவே எழுதி வாருங்கள்.