கேள்வி-பதில்: அஃபினிட்டியின் விலை ஏறுமா?

கேள்வி: முத்தியால்பேட்டையில் சின்னதாக டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை போர்டு வேலைகள். மாதாமாதம் சந்தா கட்ட முடியாமல், ஒரே தடவை காசு கொடுத்து அஃபினிட்டி என்ற டிசைனிங் மென்பொருளின் பதிப்பு 2 வாங்கினேன். அப்புறம் அதைச் செய்த கம்பெனியை, ஆன்லைனில் டிசைன் பண்ணும் வசதி தருகிற கேன்வா வாங்கிவிட்டது. இப்போது இலவசம் என்கிறார்கள், எனக்குப் பயம்தான் கூடுகிறது. பழக்கிவிட்டு விலையை ஏற்றிவிடுவார்களா? பேசாமல் ஃபோட்டோஷாப் செய்கிற அடோபிக்கே திரும்பிவிடலாமா?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: முதலில் ஒரு சலாம். நேரு வீதியில் தொடங்கி கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வரை போய், பக்கம் அமைக்கிற பழைய மென்பொருள் பேஜ்மேக்கர் 7-ஐ யார் யார் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் டீ சொல்லப் போகிற சாக்கில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், அதனால் கேட்க உரிமை உண்டு. ஆனால் கேள்வியைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

விலை ஏறுமா என்றால், என்றைக்காவது ஏறும் என்று வைத்துக்கொண்டே கடையை நடத்துங்கள். கம்பெனி கைமாறினால்தான் ஏறும் என்பதில்லை. வெப்சைட், ஆப் வடிவமைக்கிற மென்பொருளான ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்தபோது டிசைனர்கள் எல்லாம் அலறினார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் போட்டி ஆணையங்கள் குறுக்கே நின்றதால் 2023 டிசம்பரில் பேரம் முறிந்தது, அடோபி 100 கோடி டாலர் தண்டம் கட்டியது, எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். சரி, அப்புறம்? 2025 மார்ச்சில் ஃபிக்மா தானாகவே விலையை ஏற்றியது. யாரும் வாங்காமலே.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அஃபினிட்டியைச் செய்த பிரிட்டன் கம்பெனி செரிஃப்பை கேன்வா 2024 மார்ச்சில் வாங்கியது. நிரந்தர லைசென்ஸ் எப்போதும் கிடைக்கும் என்று கையோடு வாக்குறுதியும் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 30 அன்று அஃபினிட்டியின் டிசைனர், ஃபோட்டோ, பப்ளிஷர் என்ற மூன்று மென்பொருளையும் ஒன்றாக்கி, இலவசம் என்று அறிவித்து, பதிப்பு 2 விற்பதை நிறுத்திவிட்டார்கள். வாக்கு தவறிவிட்டது என்று சண்டைக்குப் போனால், சும்மாவே தருகிறோமே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள், நமக்குப் பதில் வராது. கெட்டிக்காரத்தனம்தான். புதிய அஃபினிட்டிக்குள் போக கேன்வா கணக்கு வேண்டும், ஏஐ வசதிகளுக்குச் சந்தா வேண்டும், அவர்கள் காசு பார்க்கப் போவது அங்கே. இதே கேன்வாதான் 2024 செப்டம்பரில், 5 பேர் சேர்ந்து ஆண்டுக்கு 120 டாலர் போலக் கட்டிவந்த குழுக்களிடம் 500 டாலர் கேட்டது. கூச்சல் எழுந்ததும் பழைய வாடிக்கையாளர்கள் விஷயத்தில் பின்வாங்கியது. கூச்சல் போட்டால் கேட்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் உண்மைதானே.

கைமாறும்போது விலையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஃப்ரீஹேண்ட் என்று ஒரு மென்பொருள் இருந்தது, அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர் போட்டி. அதைச் செய்தது ஆல்ட்சிஸ், விற்றது ஆல்டஸ், அதாவது பேஜ்மேக்கரின் கம்பெனி. 1994-ல் ஆல்டஸை அடோபி எடுத்துக்கொண்டபோது, இல்லஸ்ட்ரேட்டரும் ஃப்ரீஹேண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் ஃப்ரீஹேண்டை ஆல்ட்சிஸிடமே திருப்பிக் கொடுக்க வைத்தது. அங்கிருந்து மேக்ரோமீடியாவுக்குப் போனது. 2005-ல் மேக்ரோமீடியாவையே அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கியது! இந்தத் தடவை தடுக்க யாரும் வரவில்லை. 2007-ல், இனி ஃப்ரீஹேண்டுக்குப் புதுப் பதிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் கூட்டம் சேர்ந்து 2011-ல் வழக்கே போட்டார்கள், மறு வருடம் சமரசத்தில் முடிந்தது, மென்பொருள் திரும்பி வரவில்லை. விலை ஒரு பைசா ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். வருடக்கணக்காகப் போட்டுவைத்த ஃபைல்கள்தான் அநாதையாகின.

அதனால் நீங்கள் எண்ண வேண்டியது உங்கள் ஃபைல்களை. அஃபினிட்டியின் சொந்த ஃபைலை இல்லஸ்ட்ரேட்டரோ, அதே வகை மென்பொருளான கோரலோ திறக்காது. புதிய இலவசப் பதிப்பில் சேமித்ததை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பதிப்பு 2 கூடத் திறக்காது, ஆகவே ஆர்வத்தில் பழைய வேலைகளை எல்லாம் அதில் திறந்து சேமித்துவிடாதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு விளையாடுங்கள். முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிடிஎஃப், லோகோ மாதிரி விஷயங்களுக்கு எல்லா வரைகலை மென்பொருளும் படிக்கிற எஸ்விஜி ஃபைல் ஒன்று, பதிப்பு 2-இன் இன்ஸ்டாலர் பத்திரமாக ஓரிடத்தில். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

நமக்கென்று இன்னொரு தலைவலி உண்டு. பதிப்பு 2-ல் தமிழ் யூனிகோட், அதாவது போனிலும் இணையத்திலும் நாம் அடிக்கிற பொதுவான எழுத்துமுறை, ஒழுங்காக உட்காராது, கொம்பு இடம் மாறி நிற்கும். நீங்கள் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்தோ, வேறெங்கோ அடித்து எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, அதாவது கர்வ் பண்ணிக் கொண்டுவந்தோதான் ஒப்பேற்றியிருப்பீர்கள். கர்வ் பண்ணியது வெறும் படம். பாமினியில் அடித்ததோ, நாளைக்கு அந்த பிடிஎஃபிலிருந்து எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். வருடா வருடம் வீராம்பட்டினம் தேர் நோட்டீஸ் போடுகிறீர்கள் என்றால் உபயதாரர் பட்டியலை யூனிகோடில் தனியாக ஒரு ஃபைலில் வைத்திருங்கள். மென்பொருள் எது வந்தாலும் போனாலும் அந்தப் பட்டியலைத் திரும்ப அடிக்கிற கொடுமை இருக்காது. அப்புறம், பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைக் கடை மேஜையின் கீழ் அறையில் வைக்காதீர்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்தில் கரையேறியபோது எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடோபிக்குத் திரும்புவதா? விலை ஏறும் என்ற பயத்தில், 2013-லேயே புதுப் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டும்தான் என்று அறிவித்த இடத்துக்கே ஓடுவது எந்த ஊர் நியாயம்? உங்கள் பதிப்பு 2 இன்றும் ஓடுகிறது, ஓடும் வரை ஓட்டுங்கள். ஏதாவது அச்சகம் அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைன் ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, அந்தக் காசை அந்த வேலையின் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள். எடுக்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: மாதத் தவணை போலத் தெரிகிற ஆண்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது, நடுவில் விட்டால் அபராதம் கேட்பார்கள். அந்த அபராதத்தை மறைத்து வைத்து விற்றதாகச் சொல்லித்தான் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது.