பேட்டரி போனால் கிளீனரையே தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: காருக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர் வைத்திருக்கிறோம். 11.1 வோல்ட், 120 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. புதிதில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. இரண்டே வருடத்தில், ஃபுல் சார்ஜ் போட்டாலும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. "புதுசு வாங்கிக்குங்க" என்கிறார் கடைக்காரர். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: தாராளமாக மாற்றலாம். மோட்டார் நன்றாக இருக்கும்போது முழுக் கருவியையும் குப்பைக்கு அனுப்புவது வீண். ஆனால் கோளாறு பேட்டரியில்தானா என்று முதலில் பாருங்கள். காதே சொல்லிவிடும். சத்தம் கீச்சென்று ஏறி, பிறகு நின்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காற்று போகாமல் மோட்டார் சூடாகி நிற்கிறது. சத்தம் கம்மிக்கொண்டே போய் அடங்கினால் பேட்டரி.

உறுதி செய்ய, ஃபுல் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். உள்ளே மூன்று லித்தியம் செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். மொத்தம் 12.3 முதல் 12.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். தனித்தனியாக அளந்தால் பெரும்பாலும் இரண்டு செல் 4.1 வோல்ட்டிலும் ஒன்று மட்டும் 3.3 வோல்ட்டிலும் நிற்கும். அந்த ஒன்று சீக்கிரம் வடிந்ததுமே பாதுகாப்பு போர்டு, அதாவது பிஎம்எஸ், மொத்தத்தையும் நிறுத்திவிடும். அதற்காக அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழைய செல்லோடு புதுச் செல்லைக் கட்டினால் அடுத்து பலவீனமாக இருப்பது முந்திக்கொள்ளும். மூன்றையும் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் மாற்றுங்கள். இணைக்கும் முன் அவற்றுக்குள் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

செல் வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது 18650, அதாவது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். 120 வாட்ஸை 11 வோல்ட்டால் வகுத்தால் 11 ஆம்பியர். பவர் பேங்க் செல் அந்த இழுப்பைத் தாங்காது. சூடாகி, சில மாதத்தில் படுத்துவிடும். தொடர்ந்து 15 ஆம்பியராவது கொடுக்கக்கூடிய, 2000 முதல் 2500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள செல்லைக் கேளுங்கள். 5000, 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் எடை இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தாலே போலி தெரிந்துவிடும்.

இனி கழற்றும் வேலை. ஒரு ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். ஒயர் எது எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சிவப்பு ஒயரை மட்டும் வெட்டி, நுனியில் டேப் சுற்றி, அதன் பின்னரே கறுப்பைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டரில் வைத்தால் கட்டரின் வாய் வழியாகவே ஷார்ட் ஆகி, பொறி பறக்கும்.

செல்லின் மேல் நேராக ஈயம் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பும் சீலும் கெட்டுவிடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். இ-பைக் பேட்டரி கட்டுபவர்களிடம் அந்த மெஷின் இருக்கும். 0.15 மி.மீ. பட்டை என்றால் இரண்டடுக்காக வைக்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் முனையைச் சுற்றி காகித வளையம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் செல்லின் உடம்பு முழுக்கவே நெகட்டிவ். மேலுறை கிழிந்து பட்டை பட்டால் ஷார்ட்தான். போர்டுக்கு ஒயர் கொடுக்கும்போது நெகட்டிவில் தொடங்கி 3.7, 7.4, 11.1 வோல்ட் முனைகள் என்று ஏறுவரிசையில் போங்கள்.

எல்லாம் முடித்து ஸ்விட்ச் போட்டும் ஓடவில்லையா? பதற வேண்டாம். புதுச் செல் இணைத்ததும் சில போர்டுகள் தூங்கியே இருக்கும். ஒரு நிமிடம் சார்ஜர் செருகினால் விழித்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள்: கிளீனரைக் காரிலேயே போட்டு வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவே கூடாது. ஓட்டி முடித்த சூட்டோடும் சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

கேள்வி: தறி ஓடும் வீடு. பஞ்சுத் தூசியால் ஃபில்டர் தினமும் அடைக்கிறது. கழுவலாமா? (வாசகி, செல்லூர்)

பதில்: கழுவக்கூடிய ஃபில்டர் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கள். முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் பஞ்சை உரித்தெடுங்கள். நனைந்த பஞ்சு மடிப்புக்குள் களிபோல ஒட்டிக்கொள்ளும். சோப்பு வேண்டாம். நிழலில் 24 மணி நேரம் காய வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரம் மோட்டாருக்குத்தான் போகும். உங்களுக்கு இரண்டு ஃபில்டர் அவசியம்.

கேள்வி: பழைய 7.2 வோல்ட் மாடல். எப்போதும் சார்ஜிலேயே இருக்கிறது. லித்தியம் செல் போட்டு மாற்றலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: கூடவே கூடாது. அதில் இருப்பவை 1.2 வோல்ட் நிக்கல் செல்கள் ஆறு. பல பழைய அடாப்டர்களுக்கு சார்ஜ் நிறைந்ததும் நிறுத்தத் தெரியாது. ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிக்கல் செல் அதைச் சூடாகித் தாங்கும், லித்தியம் தீப்பிடிக்கும். அதே அளவு நிக்கல் செல்லையே போடுங்கள். 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் அடாப்டர் என்றால் 14 மணி நேரம் போதும். அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: கழற்றிய பழைய செல்லை என்ன செய்வது? (வாசகி, அவனியாபுரம்)

பதில்: இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள். மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட வேண்டாம். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. கருவியை விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள்.