பத்துப் பேர் மிதித்தால் ஒரு விளக்கு

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு. பிப்ரவரியில் எங்கள் இசைவிழா. இந்த வருடக் கருப்பொருள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் பசுமை வாழ்வும். பிளெக்ஸ் கிடையாது, பேப்பர் கப் கிடையாது. மேடை விளக்குக்கு மாணவர்களே சைக்கிள் மிதித்துக் கரண்ட் எடுக்கப்போகிறோம். நான் கானா பாடுகிறேன் என்றேன், ‘தீமுக்கு செட் ஆகாது’ என்றுவிட்டார்கள். இசையால் மக்களிடம் விழிப்புணர்வு கொண்டுவர முடியுமா?

ர.

அன்புள்ள தம்பி,

பிளெக்ஸ், பேப்பர் கப் விஷயமெல்லாம் சரி, செய்யுங்கள். நான் சைக்கிளில் நின்றுவிட்டேன். போன வாரம்தான் அப்பாவை முட்டிவலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தவர், “என்ன வேலை பார்த்தாரு?” என்றார். மீன்பாடி வண்டி, அதாவது மீன் சுமக்கும் மூன்று சக்கர சைக்கிள்.

மோட்டார் மாட்டாத காலம். விடியுமுன் காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றினால் பெரம்பூர் வரை மிதி. பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ளுவார். பள்ளி லீவில் நான் பின்னால் நின்று முட்டுக்கொடுப்பேன். ஐஸ் உருகி என் சட்டையெல்லாம் வடியும். முன்னால் அவர் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு எழும்பும். ராத்திரி அம்மா அதில் வேப்பெண்ணெய் தடவும்போது தூக்கத்திலும் அந்தக் கால் ஒருமுறை மிதிக்கும்.

நீ கணக்குப் பாடம் படிக்கிறாயோ என்னவோ, இதைப் போட்டுப் பார். நல்ல உடம்புக்காரன் விடாமல் மிதித்தால் 100 வாட் வரும். ‘பார்’ என்கிற பழைய மேடை விளக்கு ஒன்றே 1000 வாட் தின்னும். பத்துப் பேர் மிதித்தால் ஒரு விளக்கு, அதுவும் பாட்டு முடிகிறவரை ஒருத்தனும் ஒண்ணுக்குப் போகாமலிருந்தால். மீதி விளக்கும் ஸ்பீக்கரும்? ராத்திரி ஏழு மணிக்குக் கூரை சோலார் சும்மா கிடக்கும். நம் காற்றாலைகளுக்குச் சீசன் மே மாதம்தான் தொடங்கும். அப்புறம் பெரும்பாலும் நிலக்கரிதான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்தே 1830 மெகாவாட். உங்கள் பசுமை மேடைக்கு அங்கிருந்துகூட வரும்.

ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை நெருங்கி நிலக்கரி வேகும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். பத்துப் பேர் ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு யூனிட். ஆக, அதில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறையச் சாம்பல் விழாமல் மிச்சம். சிரிக்காதே. கொடியில் காயும் துணியைச் சாம்பல் போக ஒவ்வொன்றாக உதறி எடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவைக் கேட்டிருந்தால், அந்தக் கால் கிலோ குறைந்தாலும் புண்ணியம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதனால் மிதிக்கிறதை விட்டுவிடாதே. அந்த ‘விழிப்புணர்வை’ விட்டுத்தொலை. எந்த மக்களுக்கு? ஒரு பல்பு ஒரு ஃபேனோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கா சிக்கனம் பாடப்போகிறாய்? கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேற்றை மிதித்து இறால் தடவுகிறவர்களுக்கு நிலக்கரி என்றால் என்னவென்று நீ சொல்லித்தர வேண்டுமா? ஏசியைப் பதினெட்டில் வைத்துக் கம்பளி போர்த்துகிறவன் வீட்டுக்குப் போ. அங்கே பாடு. இந்த ஊர்ப்பிள்ளை நீயே இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்தான்.

கானா செட் ஆகாதாமா! சாவு வீட்டு வாசலில் குடமும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடினவர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டதில்லை அந்தப் பாட்டு. விழாவை மதியம் மூன்றுக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிக்கச் சொல், வெளிச்சம் சும்மா கிடைக்கிறது. கல்லூரியில் ஒரு மரமாவது இருக்கும். அதன் கீழே உட்கார்ந்து மைக் இல்லாமல் நீ பாடு, நான் வந்து கேட்கிறேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சைக்கிள் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “மிதிக்கிற பசங்களுக்கு இன்னா குடுக்குறாங்களாம்?”

விழாக்குழுவிடம் கேட்டு எழுது. அவர் காத்திருக்கிறார்.