'எ லைட் இன் தி அட்டிக்' நூலுக்கு அமெரிக்கப் பள்ளிகளில் ஏன் எதிர்ப்பு?

ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதி, தாமே படமும் வரைந்து 1981-இல் வெளிவந்த சிறுவர் கவிதைத் தொகுப்பு இது. பெரிதும் பேசப்பட்ட புகார், பாத்திரம் துடைக்கும் கவிதை பற்றியது. துடைக்கச் சொன்னால் ஒரு தட்டைக் கீழே போட்டு உடை, பிறகு உன்னைக் கூப்பிடவே மாட்டார்கள் என்பதுதான் அதன் யோசனை. 1985-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில், இது பிள்ளைகளைத் தட்டு உடைக்கத் தூண்டுகிறது என்று ஆட்சேபம் எழுந்தது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் வித்தையைக் கவிஞர் சொல்லித்தான் பிள்ளைகள் கற்க வேண்டுமா என்ன!

இதே தொகுப்பில் அபிகெய்ல் என்ற சிறுமியைப் பற்றிய கவிதை வேறு வகை. மட்டக்குதிரை கேட்டு, பெற்றோர் மறுத்ததால் அச்சிறுமி இறந்தே போகிறாள். இதைப் பிள்ளைகளிடம் கொடுக்கப் பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் "நான் செத்தால்தான் உங்களுக்குத் தெரியும்" என்ற பிள்ளைகளின் மிரட்டலைத்தான் அது கேலி செய்கிறது. கேட்டதை வாங்கித் தராத பெற்றோரிடம் இதைப் படித்துக் காட்டலாம் என்று கீழே குறும்பான குறிப்பு வேறு.

1990-களில் அதிகம் எதிர்க்கப்பட்ட 100 நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு. புகாரோடு வருபவரிடம் அங்குள்ள நூலகங்கள் பொதுவாக ஒரு படிவத்தை நீட்டும்; நூலை முழுவதும் படித்தீர்களா என்ற கேள்வி பெரும்பாலும் அதில் இருக்கும்.