அப்பாவுக்குச் சக்கர நாற்காலி: காப்பீட்டு அட்டையில் கிடைக்குமா?

கேள்வி: எங்களுக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு 62 வயது, வயல் கூலிக்குப் போனவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் வைத்தியம் பார்த்தோம். அதே அட்டையில் சக்கர நாற்காலியும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் அட்டையை வாங்கிப் போய்விட்டு, இப்போது 3,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. இன்றைக்கே போய் அட்டையைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையில் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அந்தப் பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. வீட்டில் வைத்துக்கொள்ளும் சக்கர நாற்காலி அதில் கிடையாது. கடையில் வாங்கி பில்லை நீட்டினால் காப்பீட்டில் பணம் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

இந்த இடைத்தரகர்கள் செய்வது என்ன தெரியுமா? ஒரத்தநாடு பக்கத்து அம்மா ஒருவர் தோட்டை அடகு வைத்து 4,000 ரூபாய் கொடுத்தார். ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், வெற்றுத்தாளில் கைநாட்டு எல்லாம் கொடுத்தார். அந்த ஆள் செய்தது, அரசு முகாமில் அவர் கணவர் பெயரை எழுதிவைத்தது மட்டும்தான். எட்டு மாதம் கழித்து முறைப்படி வரிசையில் நாற்காலி வந்தது. அது இலவசம். தோடு இன்னும் மீளவில்லை. வெற்றுத்தாளில் கைநாட்டு மட்டும் யாருக்கும் வைக்காதீர்கள், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

சரி, நாற்காலிக்கு எங்கே போவது? பொதுவாக எல்லோரும் சொல்வது தஞ்சாவூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கே போக 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று அரசு மருத்துவர் தரும் சான்று வேண்டும். பக்கவாதத்துக்கு ஆறு மாதம் கழிந்த பிறகே சதவீதம் போடுவார்கள். ஆக, இன்னும் இரண்டு மாதம். எனக்கு ஆற்றாமை வருவது இங்கேதான். நடக்க முடியாத மனிதரை ஆட்டோவில் ஏற்றி, மருத்துவமனையில் காக்கவைத்து, ‘இன்று எலும்பு டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது இரண்டு நாள் சம்பளம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சான்று கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் உங்கள் அப்பாவுக்கு வயது 62. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 60 வயது நிரம்பியவர்களுக்கு ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா’ என்று மத்திய அரசின் தனித் திட்டம் 2017 முதல் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதற்கு ஊனச் சான்று தேவையில்லை, ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். சக்கர நாற்காலி, வாக்கர், நாலுகால் ஊன்றுகோல் எல்லாம் இதில் இலவசமாகத் தருகிறார்கள். கான்பூரில் இருக்கும் அலிம்கோ என்ற அரசு நிறுவனம்தான் செய்து கொடுக்கிறது. பெரும்பாலும் முகாம் போட்டுத்தான் தருவார்கள். ஒரு நாள் அளவெடுப்பார்கள், பொருள் வேறொரு நாளில் வரும். அளவெடுத்த அன்று கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முகாம் எப்போது என்று, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவே கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் பதில் வராது. மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரே பொருளை இரண்டு திட்டத்திலும் வாங்க முடியாது. அதனால் நாற்காலியை எந்த வழியில் கேட்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஊனச் சான்றை ஆறு மாதம் ஆனதும் எப்படியும் எடுத்துவையுங்கள், மாத உதவித்தொகை கேட்க அது வேண்டும்.

அப்புறம், எந்த நாற்காலி? அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்திருக்கிறது. இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தித்தான் அவர் நகர வேண்டும். இரண்டு கையாலும் தள்ளுகிறவருக்குச் செய்த உயரமான நாற்காலியில் கால் தரையில் எட்டாது, யாராவது பின்னால் தள்ளினால்தான் நகரும். அதனால் இருக்கை தாழ்வாகவும், இடது கால்மிதி கழற்றக்கூடியதாகவும் கேளுங்கள். வலது கைக்கு அடியில் தலையணை வையுங்கள், கை தொங்கினால் தோள்பட்டை இறங்கி வலி கொல்லும். உங்கள் வீட்டு வாசல் நிலையின் உள் அகலத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிப் போங்கள். சாதாரண நாற்காலி ஏறக்குறைய 26 அங்குலம் இருக்கும். பழைய ஓட்டு வீடுகளில் வாசல் அதைவிடக் குறுகலாக இருப்பதுண்டு. வாசலில் நுழையாமல் திண்ணையில் நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு நிற்கும் நாற்காலிகளை நம் பக்கத்து ஊர்களிலேயே நிறைய பார்த்திருக்கிறேன்.

நாற்காலி வந்துவிட்டது என்று நடைப்பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நான்கு மாதம்தானே ஆகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிடுங்கள்.